கார் பாடியை நகலெடுக்கும் முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோவையில் ஃபைபர் பாடி பட்டறை வைத்திருக்கிறேன். சொந்தமாகக் கார் கட்டும் கல்லூரி மாணவர்கள் புது மாடல் போனட்டைக் கொண்டுவந்து, "அப்படியே அச்செடுத்துக் கொடுங்கண்ணா" என்கிறார்கள். போனட்டில் மெழுகு தேய்த்து, ஜெல்கோட் (மேற்பரப்பை வழுவழுப்பாக்கும் பூச்சு) பூசி, கண்ணாடி இழையை ரெசின் என்ற பிசின் தடவி ஒட்டினால் அச்சு வந்துவிடும். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி, பதிவு செய்த வடிவத்துக்கு 10 ஆண்டு பாதுகாப்பு. நீட்டித்தால் இன்னும் 5 ஆண்டு. விற்பனைக்காக நகலெடுப்பதைத்தான் 22-ஆம் பிரிவு தடுக்கிறது. சரி, தனக்கென்று கட்டுகிற பையன் தப்பிக்கலாம். காசு வாங்கிச் செய்துகொடுக்கும் என் போன்றவர்கள் மாட்டலாமே!

கிரில், லோகோ விஷயம் இன்னும் சிக்கல். அவற்றை வணிக முத்திரையாகப் பதிந்திருந்தால், அந்தப் பதிவை 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். மஹிந்திராவின் ராக்ஸர் வண்டி, ஜீப்பின் தோற்ற உரிமையை மீறியதாக 2020-இல் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையமே தீர்ப்பளித்தது. அப்புறம் சிறு பட்டறைகள் எம்மாத்திரம்?

கிண்டியிலுள்ள காப்புரிமை அலுவலகம் இந்த விவரங்களை எளிய தமிழில் அச்சிட்டு, பட்டறைகளுக்கும் பொறியியல் கல்லூரிகளுக்கும் அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்,
கோயம்புத்தூர்