மூன்று ஊர்த் தெருவில் பார்த்த பிறகு

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவும் நானும் நலம். சர்க்கரை அளவு போன மாதத்தைவிடக் குறைந்திருக்கிறது. மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொள்கிறேன். ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அதைப் பற்றி நீ விசாரிக்க வேண்டியதில்லை. பாரிஸில் குளிர் கடுமையாக இருப்பதாகச் செய்தியில் காட்டினார்கள். போகிற வருகிறவர்களின் உடுப்பைப் படமெடுக்க மணிக்கணக்கில் தெருவில் நிற்கிறவள் கம்பளிக் காலுறையை இரண்டடுக்காகப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்று எழுத உட்கார்ந்தேன். நீ இப்போதும் தெருவில் போய் நிற்கிறாயா என்பதே எனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

முன்பு நாம் பேசினால் பாதி நேரம் துணியைப் பற்றித்தான் பேசுவோம். மார்ச்சிலும் செப்டம்பர் கடைசியிலும் அங்கே ஃபேஷன் ஷோ நடக்கும் நாட்களில், இங்கே நள்ளிரவு தாண்டியும் என் கைபேசி ஒளிர்ந்துகொண்டே இருக்கும். எந்த மேடையில் தோள் அகன்றது, எதில் இடுப்பு இறங்கியது, எந்த மெட்ரோ வாசலில் ஒரு பெண் தன் தாத்தாவின் கோட்டைக் கை மடித்துப் போட்டிருந்தாள் என்று நீ அனுப்பும் படங்களையெல்லாம், அம்மா தூங்கிய பிறகு பெரிதாக்கிப் பார்த்து, தையல் எங்கே ஓடுகிறது, துணி எத்தனை ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் இருக்கும் என்று நான் பதில் எழுதுவேன். 2025 ஜூனில் மிலானில் பிராடா நிறுவனத்தின் ஆண்கள் ஷோவில் கோலாப்பூர்ச் செருப்பைப் போன்ற செருப்பு மேடையேறியதையும், அதன் பிறந்த ஊரைச் சொல்லாமல் வெறும் தோல் செருப்பு என்று குறித்ததற்காக மகாராஷ்டிரத்தில் எதிர்ப்பு எழுந்ததையும், இந்தியக் கைவினையிலிருந்து வந்ததுதான் என்று அந்த நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டதையும் நான் நாளிதழைப் படித்துத் தெரிந்துகொண்டேன். 2019இலேயே புவிசார் குறியீடு பெற்ற செருப்பு அது. அந்த வாரம் நீ மிலானில்தான் இருந்தாய். அந்த ஞாயிற்றுக்கிழமையும் என் சர்க்கரையைப் பற்றித்தான் கேட்டாய்.

பெரியப்பா மகள் ஒரு விஷயம் சொன்னாள். அதைப் பற்றி நான் உன்னிடம் கேட்கப்போவதில்லை. உன் வேலையை நீ பார்த்து முடிவு செய்கிற வயது உனக்கு வந்துவிட்டது. பனியன் தொழிலில் இருந்தவன் என்ற முறையில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: மேடையில் பார்த்ததை அன்றைக்கே நம்பிவிடக்கூடாது, மூன்று ஊர்த் தெருவில் பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும்.

2016 ஜூனில் நியூயார்க்கில் பில் கன்னிங்ஹாம் இறந்த அன்று, விடுதியிலிருந்து நீ அழுதுகொண்டே கூப்பிட்டாய். அம்மாயிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது, யாரோ உனக்கு முதலில் சொல்லிவிட்டார்கள் என்று நான் பதறிப்போனேன். 87 வயது வரைக்கும் சைக்கிளில் அலைந்து, பாரிஸ் தெருக்கூட்டுகிறவர்கள் போட்ட நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, ஐந்தாம் அவென்யூவும் 57ஆம் தெருவும் சந்திக்கும் முனையில் நின்று, போகிற வருகிறவர்களின் உடுப்பைப் படமெடுத்த மனிதர் என்று நீ சொன்னபோது, இதற்கா ஒரு பிள்ளை அழும் என்று நினைத்தேன். அவர் மேடையையும் பார்த்தார், மாலை விருந்துகளையும் பார்த்தார், ஆனால் தெருமுனையை ஒரு நாளும் விடவில்லை. ஒரே விஷயம் வேறு வேறு ஆட்களிடம் திரும்பத் திரும்பத் தென்பட்டால் அதுவே நியூயார்க் டைம்ஸில் அவருடைய பக்கமாகும் என்று நீ விளக்கிய பிறகுதான் எனக்குப் பிடிபட்டது. செக்கிங் டேபிளில் நாங்கள் செய்வதும் அதுதான். ஒரு பீஸில் கழுத்து இழுத்திருந்தால் அது டேமேஜ். நாற்பது பீஸில் இழுத்திருந்தால் கோளாறு மார்க்கரில், துணியை வெட்டுவதற்கு வைக்கும் வரைபடத்தில் இருக்கிறது.

அந்தக் கண் உனக்குச் சிறுவயதிலிருந்தே உண்டு. கோபி கல்யாணத்தில், ரவிக்கைக் கையெல்லாம் முழங்கை வரை இறங்கிவிட்டது என்று பந்தியில் உட்கார்ந்து எண்ணிச் சொன்னபோது உனக்குப் பத்து வயதுகூட ஆகவில்லை. உன் அம்மா அதட்டினாள். அடுத்த சித்திரைக்கு அவளே அப்படித் தைத்துப் போட்டுக்கொண்டாள். அந்த மஞ்சள் பாவாடை விஷயத்தில் நான் உன்னை அடித்தது தவறு என்பதையும் இந்த இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஆனால் உன்மீது எனக்கு வருத்தமும் இருக்கிறது. அத்தனை அலைந்து கற்றுக்கொண்டதை அலமாரியில் பூட்டி வைக்க எப்படி மனம் வந்தது? தெரு மாறிவிட்டது என்று நீ சொல்வாயானால் அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஷோ நடக்கும் வாசலில் இப்போது நிற்கிறவர்களில் பாதிப்பேர் கடன் வாங்கிய உடுப்போடு கேமராவுக்காகவே மூன்று முறை குறுக்கே நடக்கிறார்கள் என்று பாரிஸ் டுயிலரி தோட்டத்திலிருந்து நீதான் ஒரு முறை எழுதினாய். அது தெருவில் போட்ட இன்னொரு மேடை என்றும் எழுதினாய். டோக்கியோவில் ஹராஜுகு பகுதிப் பிள்ளைகளை 1997 முதல் படமெடுத்து இதழ் நடத்திய ஷோய்ச்சி ஆவோகி, படமெடுக்கத் தக்க உடுப்போடு வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று 2017இல் அதை நிறுத்திய செய்தியையும் உன் மூலமாகத்தான் அறிந்தேன். அதற்காகக் கேமராவைக் கீழே வைத்துவிடலாமா? வாசலை விட்டு நாலு நிறுத்தம் தள்ளிப் போ. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் ஏறும் ரயிலைப் பார், பழைய துணி விற்கும் சந்தையைப் பார். மேடையில் பார்த்ததை மூன்று ஊரில் தேடு. இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே.

இன்னொன்று. முன்கூட்டிச் சொல்கிறவர்களுக்கு அடி விழுவது இந்தத் தொழிலில் புதிதல்ல. டியோர் நிறுவனத்தில் வடிவமைப்பாளராக இருந்த ஈவ் சான் லோரான், 1960இல் பாரிஸ் காபிக் கடைப் பிள்ளைகளின் கறுப்புத் தோல் ஜாக்கெட்டை மேடையேற்றியபோது வாடிக்கையாளர்கள் முகம் சுளித்தார்கள். அந்த ஆண்டே ராணுவத்துக்கு அழைக்கப்பட்டார், அவர் இடத்தில் வேறொருவர் அமர்த்தப்பட்டார். 1966இல் அவரே பாரிஸ் ஆற்றின் இடது கரைப் பெயரில் ஆயத்த ஆடைக் கடை திறந்தார். அமெரிக்க வடிவமைப்பாளர் மார்க் ஜேக்கப்ஸ் 1992இல் பெர்ரி எல்லிஸ் நிறுவனத்துக்காக, சியாட்டில் பாட்டுக்காரப் பிள்ளைகள் போட்ட ஃபிளானல் கட்டத்தைப் பட்டில் அச்சிட்டுக் காட்டினார், வேலை போயிற்று. இரண்டு பேரும் தெருவைச் சரியாகத்தான் படித்திருந்தார்கள். பணம் போட்டவனுக்குத்தான் அது அப்போது தெரியவில்லை.

பணம் போட்டவன் என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகு இனிமேல் சுற்றி வளைக்க முடியாது.

2022 மார்ச்சில் வாலண்டினோ ஷோ முடிந்த இரவு நீ கூப்பிட்டாய். சுவர், தரை, துணி எல்லாம் ஒரே பிங்க், நடுவில் கொஞ்சம் கறுப்பு, வேறு நிறமே இல்லை என்று மூச்சு வாங்கச் சொன்னாய். பிறகு நிதானமாக இன்னொன்றும் சொன்னாய்: "அப்பா, இது வடிவமைப்பாளர் பியர்பவுலோ பிச்சோலி என்கிற ஒரு மனிதரின் முடிவு. தெரு இன்னும் எதுவும் சொல்லவில்லை. மூன்று ஊர்த் தெருவில் பார்த்த பிறகு நம்புங்கள்." இந்தக் கடிதம் முழுக்க என் அறிவுரை போல நான் எழுதிக்கொண்டு வருவது உன் வாக்கியம். அன்று அது என் காதில் ஏறவில்லை. நான் உன்னிடம் திருப்பிக் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஷேடு நம்பர் என்ன?

அந்த மே மாதத்தில் நூல் விலை உயர்வைக் கண்டித்து திருப்பூரே கடையடைத்தது உனக்கு நினைவிருக்கும். அந்த விலையில் நான் நூல் வாங்கினேன். சாயப்பட்டறையில் ஐந்து முறை லேப் டிப், அதாவது மாதிரிச் சாயம் எடுத்தேன். பகல் வெளிச்சத்தில் பொருந்துவது கடை விளக்கில் நீலம் அடித்தது. கடை விளக்கில் பொருந்துவது பகலில் செங்கல் அடித்தது. ஐந்தாவது டிப் இரண்டு விளக்கிலும் சரியாக நின்றபோது, இனி யாரும் என்னை அடுத்தவர் ஆர்டருக்குக் கூலிக்குத் தைக்கிற ஜாப் ஒர்க்காரன் என்று சொல்ல முடியாது என்று லைட் பாக்ஸின் முன்னால் நின்று நினைத்தேன். ஆர்டர் கன்ஃபர்ம் ஆகும் முன்பே இரண்டே முக்கால் டன் துணியில் 14,000 பீஸ் வெட்டினேன். நீ கறுப்பு என்று சொன்னது மனதில் நின்றதால் பின்கழுத்துக்குக் கறுப்பு டேப் போட்டேன். ஐரோப்பாவில் கடைகளில் சரக்கு தேங்கிய அந்த இலையுதிர்காலத்தில் பையர் எடுக்கவில்லை. 160 ரூபாய் செலவில் அடங்கிய பீஸைக் காதர்பேட்டைச் சந்தையில் 75 ரூபாய்க்குக் கொடுத்தேன். பன்னிரண்டு லட்சம் போயிற்று.

போன பணத்தைப் பற்றி எழுத இந்தத் தாளை எடுக்கவில்லை. நீ விடுமுறைக்கு வந்திருந்த அந்தத் தைப்பூசத்தன்று, சென்னிமலையிலிருந்து திரும்பியதும் பெரியப்பா வீட்டுத் திண்ணையில், நாலு பேர் நடுவில், "மகள் பேச்சைக் கேட்டுத்தான் கெட்டேன்" என்று நான் சொன்னேன். நீ உள்ளே அம்மாயிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாய் என்பது எனக்குத் தெரியும். உனக்குக் கேட்டது என்பதும் தெரியும், ஏனென்றால் உள்ளே பேச்சுச் சத்தம் அப்படியே நின்றுபோனது. எழுந்து வந்து, இல்லை, அவள் பொறுக்கத்தான் சொன்னாள், நான்தான் பாதியைக் கேட்டுவிட்டு ஓடினேன் என்று அந்த நாலு பேரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. என் அண்ணன் முன்னால் முட்டாளாக நிற்க வெட்கப்பட்டு உன்னை முன்னால் நிறுத்தினேன். அதற்குப் பிறகு நீ துணியைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. போன வாரம் பெரியப்பாவிடம் போய் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டேன். அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பிள்ளையிடம் சொன்னாயா?" என்று கேட்டார்.

இப்போது நான் பார்த்ததைச் சொல்கிறேன். போன மாதம் பழைய பஸ் ஸ்டாண்டில், பவர் டேபிள் வேலைக்குப் போகிற பெண் போலிருந்தாள், இருபது வயதுதான் இருக்கும், என் பிங்க் பனியனைப் போட்டிருந்தாள். பஸ்ஸில் ஏறத் திரும்பியபோது பின்கழுத்தில் கறுப்பு டேப் தெரிந்தது. பல முறை துவைத்தும் நிறம் நின்றிருந்தது. அதன்மேல் ஆண்பிள்ளைச் செக்குச் சட்டையைப் பொத்தான் போடாமல் மாட்டி, கையை முழங்கைக்குக் கீழே இரண்டு மடிப்பு மடித்து, பனியனின் முன்பக்கத்தை மட்டும் பேண்ட்டுக்குள் செருகியிருந்தாள். சும்மா கிடைத்ததைப் போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பத்து நாள் கழித்துக் கோவை காந்திபுரத்தில் இரண்டு பெண்கள். பனியன் என்னுடையது இல்லை, ஆனால் அதே பிங்க், அதே திறந்த செக்குச் சட்டை, அதே முன்செருகல். அம்மாயியைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போன அன்று ஈரோட்டில் இன்னொருத்தி. மூன்று ஊர், கண்ணு.

பெண்பிள்ளைகளைப் படமெடுக்க என் வயதுக்காரனுக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆகவே டெலிவரி சலானின் பின்புறத்தில், சாம்பிளுக்கு வரைவது போல முன்பக்கமும் பின்பக்கமும் வரைந்து, கண் அளவில் தோள், உயரம், கை நீளம் குறித்து இதனோடு வைத்திருக்கிறேன். தோள் தையல் நாலு பேருக்கும் கையில் இரண்டங்குலம் இறங்கி நிற்கிறது. காதர்பேட்டையில் பெரிய சைஸ்தான் கிடைத்தது என்பதால் அப்படி இறங்கியதா, அவர்கள் வேண்டுமென்றே அப்படி எடுக்கிறார்களா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. இங்கே ஒருத்தரும் அதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் இல்லை.

கேட்கப்போவதில்லை என்று மேலே எழுதியதைக் கேட்டுவிடுகிறேன். தெரு வேலையை விட்டுவிட்டு, அதே ஆபீஸில் சரக்குக் கணக்குப் பிரிவுக்கு மாற்றிக் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாயாமே, அது திண்ணையில் நான் சொன்ன சொல்லாலா? ஆமாம் என்றால் ஆமாம் என்றே சொல். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, மாத்திரையைக் கேட்பதற்கு முன், அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தோள் விஷயத்தையும் சொல்.

அன்புடன்,
அப்பா