கேன்ல ‘நானோ’ன்னு ஒரு வார்த்தை போடுங்க

ஆசிரியருக்கு வணக்கமுங்க.

போன இதழ்ல நாத்தம் வராத பனியன் பத்தி உங்க நிருபர் எழுதியிருந்தத படிச்சேன். நானோ வெள்ளி, அதாவது கண்ணுக்கே தெரியாத அளவுக்கு பொடிசான வெள்ளி ஏத்துன துணியாம், கிருமியக் கொல்றதால வேர்வை நாத்தமே வராதாம், மூணு நாளைக்கு துவைக்காம போட்டுக்கலாமாம், திருப்பூர் எங்கியோ போயிருச்சுன்னு எழுதியிருந்தீங்க. படிக்கறப்ப எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. ஆனா அந்த வெள்ளிய துணிக்கு ஏத்தற எடத்துல, அதாவது துணிய சூட்டுல ஓட்டிக் காய வைக்கற ஸ்டென்டர் மெஷின்கிட்ட, 26 வருசமா நிக்கறவன் நான். கட்டுரை முழுக்க தேடிப் பாத்தேன், அந்த வெள்ளி கேன்ல இருந்து எப்படி துணிக்கு வருது, துணில இருந்து எங்க போகுதுன்னு ஒரு வரி கூட இல்ல. அதனாலதான் எழுதறேன், தப்பா நினைக்காதீங்க.

வேலை எப்படின்னா, மருந்து ஒரு கேன்ல வரும், தேன் மாதிரி இளமஞ்சளா இருக்கும். வெள்ளின்னா வெள்ளையா இருக்கணுமேன்னு முதல் தடவ பாத்தப்ப எனக்கு குழப்பம். அப்பறம் காலேஜ்ல கெமிஸ்ட்ரி படிக்கற என் அக்கா மகதான் சொன்னா, அவ்வளவு பொடிசா போச்சுன்னா வெள்ளி மஞ்சளா தெரியும், தங்கம் செவப்பா தெரியும் மாமான்னு. ஒரு தலைமுடி தடிமன் எண்பதாயிரம் நானோமீட்டர் கிட்ட வரும், இந்த வெள்ளித் துகள் நூறுக்கும் கம்மி. சரி, அந்த மருந்த தண்ணில கலக்கி பாத்-ல, அதாவது தொட்டில ஊத்தி, துணிய முக்கி, ரோலர்ல பிழிஞ்சு, 150 டிகிரில ஸ்டென்டர்ல ஓட்டி காய வைப்போம். கலக்கறது ஒரு இருபது வயசுப் பையன். வெறுங்கையில கலக்குவான். மக் கீழ விழுந்துருச்சுன்னா முழங்கை வரைக்கும் கைய விட்டு எடுப்பான். ஷிப்ட் முடிஞ்சு மிச்சம் இருக்கற பாத் தண்ணி அப்படியே சாக்கடைக்குப் போயிரும்.

ஒருநாள் மருந்து விக்க வந்த சேல்ஸ்மேன்கிட்ட, ஏனுங்க இது உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதான்னு கேட்டேன். சிரிச்சுட்டு, “அண்ணா, குழந்தைக்கு வெள்ளி சங்குலதான பால் ஊத்தறோம், வெள்ளி என்ன பண்ணிரும்”னாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு, எனக்கும் அப்ப பதில் வரல. வீட்டுக்கு வந்து யோசிச்சப்பதான் தோணுச்சு, சங்குல இருக்கற வெள்ளி சங்குலயே இருக்கும், எங்கம்மா காலத்து சங்கு இன்னும் பீரோவுல அதே எடையோட கெடக்கு. இந்த வெள்ளி மூச்சுல போற சைஸ்ல இருக்குது. பொருள் ஒண்ணுதான், அளவு மாறுனா குணமும் மாறுதுன்னுதான கம்பெனிக்காரங்களே விளம்பரம் பண்றாங்க, கிருமியக் கொல்றப்ப மட்டும் அது புதுப் பொருள், பாதுகாப்பு பத்தி கேட்டா பழைய வெள்ளின்னா எப்படிங்க.

இதுல ஆராய்ச்சி நடக்கலன்னு சொல்ல வரல, நிறைய நடந்திருக்கு, ஸ்டென்டர் பக்கம்தான் அது வந்து சேரல. அமெரிக்காவுல தொழிலாளர் பாதுகாப்புக்குன்னே இருக்கற நியோஷ்ங்கற ஆராய்ச்சி நிறுவனம் 2021ல ஒரு அளவு சொல்லியிருக்கு. சாதாரண வெள்ளித் தூசுன்னா வேலை செய்யற எடத்து காத்துல ஒரு கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராம் வரைக்கும் இருக்கலாம், நானோ வெள்ளின்னா 0.9 மைக்ரோகிராம்தான். பத்துல ஒரு பங்குக்கும் கீழ! சங்கு கதைக்கு இதவிட வேற பதில் வேணுமா. ஈரமா கேன்ல இருக்கறப்ப காத்துல கலக்காதுன்னு சொல்லுவாங்க, அது ஓரளவுக்கு நிஜம்தான். ஆனா காஞ்சுபோன ரோலர, ஸ்டென்டர் உள்ளார ஒட்டியிருக்கற பஞ்ச ஏர் கன் வச்சு அடிச்சு சுத்தம் பண்றோமே, அப்ப? எங்க யூனிட்ல காத்த இதுவரைக்கும் யாரும் அளந்து பாத்ததில்ல. நானும் முகத்துக்கு துண்டு கட்டிட்டுத்தான் நிக்கறேன்.

அடுத்து துவைக்கற கதை. 2008லயே அமெரிக்காவுல அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டில ரெண்டு பேரு கடைல விக்கற வெள்ளி சாக்ஸ் ஆறு வகை வாங்கி தண்ணில போட்டு அலசிப் பாத்திருக்காங்க. சிலதுல இருந்து கொஞ்ச அலசுலயே வெள்ளி மொத்தமும் கிட்டத்தட்ட கழண்டு வந்துருச்சு, சிலது கெட்டியா புடிச்சுக்கிச்சு. எப்படி ஏத்தறாங்கங்கறத பொறுத்துதான் எல்லாம்னு அதுல இருந்தே தெரியுது. இது எங்களுக்கும் தெரியும்ங்க, மருந்த துணியோட ஒட்ட வைக்கற பைண்டர் சரியில்லன்னா, கடைசியா ஏத்தற எந்த மருந்தும், அதாவது ஃபினிஷும் நிக்காது. அஞ்சு வாஷ்ல போற வெள்ளிக்கு ஆர்டர் குடுக்கற பையர் காசு குடுக்கறாரு, போடறவரும் குடுக்கறாரு, கடைசில அது சாக்கடைக்கு போகுது.

சாக்கடைக்குப் போய் என்ன ஆகுதுன்னும் பாத்திருக்காங்க. நான் பயந்த அளவுக்கு இல்ல, அதையும் சொல்லிடறேன், இல்லன்னா நானும் ஒரு பக்கமா பேசுன மாதிரி ஆயிரும். சுவிட்சர்லாந்துல ஒரு சின்ன சுத்திகரிப்பு பிளான்ட் வச்சு நானோ வெள்ளிய ஊத்திப் பாத்ததுல, அதுல பெரும்பங்கு கந்தகத்தோட சேந்து சில்வர் சல்ஃபைடா மாறி ஸ்லட்ஜ்ல, அதாவது அடில தங்கற சேத்துல ஒட்டிக்குச்சுன்னு 2011ல எழுதியிருக்காங்க. நம்ம வெள்ளிக் கொலுசு கறுத்துப் போகுதே, அதே சமாச்சாரம்தான். அப்படி மாறிட்டா கரையறது ரொம்ப கம்மி, அதனால விஷமும் கம்மி. சந்தோசம். ஆனா அது வீட்டு சாக்கடைத் தண்ணிய வச்சு பாத்தது. உப்பும் சாயமும் கலந்த எங்க ஊர் தண்ணில எப்படின்னு இங்கதான பாக்கணும்? பொது சுத்திகரிப்பு நிலையத்துல பாக்டீரியாவ வளர்த்துத்தான் தண்ணிய சுத்தம் பண்றோம், நாங்க ஊத்தறது பாக்டீரியாவக் கொல்றதுக்குன்னே செஞ்ச மருந்து. இந்த ஒரு விசயத்துக்காகவாவது நம்ம காலேஜ் பசங்க நாலு பாட்டில் ஸ்லட்ஜ் எடுத்துட்டுப் போய் வெள்ளி எவ்வளவு இருக்குன்னு பாக்கலாமில்ல.

நொய்யல் ஆத்துக் கதைய நான் உங்களுக்கு சொல்லவேண்டியதில்ல. பாசனத்துக்குன்னு கட்டுன ஒரத்துப்பாளையம் டேம் சாயத்தண்ணி குட்டையா போச்சு, 2011 ஜனவரில ஹைகோர்ட் சாயப்பட்டறைய எல்லாம் மூடச் சொல்லுச்சு, நாங்க மாசக்கணக்குல வேலையில்லாம உக்காந்திருந்தோம், என் பொண்டாட்டி செயின் அந்த வருசம் அடகுக்குப் போனதுதான். ஆனா அப்ப சாயம் கண்ணுக்குத் தெரிஞ்சுச்சு. ஆத்துல செவப்பா ஓடுது, நீலமா ஓடுதுன்னு விவசாயிங்க காட்ட முடிஞ்சுது, கேஸ் போட முடிஞ்சுது. இந்த வெள்ளி ஓடுனா யாருக்குத் தெரியும்?

ஐரோப்பாவுல சட்டம் இருக்கு. கிருமியக் கொல்லும்னு சொல்லி விக்கற துணில அந்த கிருமிநாசினி நானோவா இருந்தா லேபிள்ல பொருள் பேருக்குப் பக்கத்துல நானோன்னு போட்டே ஆகணும், 2013ல இருந்து நடைமுறைல இருக்கு. அதாவது நாங்க செஞ்ச பனியன அங்க வாங்கிப் போடறவருக்கு அந்த வார்த்தைய பாக்கற உரிமை இருக்கு, இங்க கையில கலக்கற பையனுக்கு இல்ல. நம்ம மத்திய அரசும் 2020ல வழிகாட்டு நெறிமுறை ஒண்ணு போட்டாங்க, ஆனா அது விவசாய இடுபொருள், உணவு இந்த ரெண்டுக்கும்தான், துணி அதுல வராது. 2022 டிசம்பர்ல ஐரோப்பிய கமிஷன் இன்னொண்ணும் சொல்லியிருக்கு, புதுப் பொருள கண்டுபிடிக்கறப்பவே அது பாதுகாப்பானதா, சுற்றுச்சூழலுக்கு தாங்குமான்னு பாத்துட்டு வடிவமைங்கன்னு. நல்ல யோசனை. வித்து முடிச்சப்பறம் சோதனை பண்றது, கல்யாணம் முடிஞ்சு ஜாதகம் பாக்கற கதைதான்.

வெள்ளி ஃபினிஷே வேண்டாம்னு நான் சொல்லலைங்க. ஆஸ்பத்திரில தீக்காயத்துக்கு போடற கட்டுத்துணில வெள்ளி இருக்கு, அங்க அது தேவை. வாரத்துக்கு ரெண்டு நாள் ஜிம்முக்குப் போறவரு பனியனுக்கு தேவையான்னு பையர்தான் யோசிக்கணும், எங்களுக்கு ஆர்டர் வந்தா ஓட்டித்தான் ஆகணும். நான் கேக்கறது கேன் மேல நானோன்னு தமிழ்ல ஒரு வார்த்தை, எப்படி கையாளணும்னு தமிழ்ல ஒரு பக்கம், அவ்வளவுதான். பையனுக்கு நானே கிளவுஸ் வாங்கிக் குடுத்தேன், வேர்க்குதுன்னு மத்தியானமே கழட்டி வச்சுட்டான். ஏன் போடணும்னு அவனுக்கு எடுத்துச் சொல்ல எங்கிட்டயும் ஒரு பேப்பர் இல்ல பாருங்க.

இருக்கற பேப்பர் ரெண்டு. ஒண்ணு பாதுகாப்பு டேட்டா ஷீட், ஒன்பது பக்கம், முழுக்க இங்கிலீஷ், அக்கா மகள வச்சு படிக்கச் சொல்லிக் கேட்டேன். அதுல துகள் அளவுங்கற எடத்துல ‘தகவல் இல்லை’ன்னு போட்டிருக்கு. இன்னொண்ணு சேல்ஸ்மேன் குடுத்த நோட்டீஸ், அதே மருந்துக்கு, ‘வெறும் 20 நானோமீட்டர்!’னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு ஜெராக்ஸ் எடுத்து, கம்பெனி பேர மட்டும் மறைச்சு, இந்த லெட்டரோட வச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டென்டர் சூப்பர்வைசர்,
திருப்பூர்