மறுநாள் காலை அந்தப் பையன் என்னத்தைக் குடித்தான்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் சிறுவர் பக்கத்தில் வந்த கதையை மறுநாள் சாயங்காலம் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினேன். எங்களுக்குப் பாம்பன் பக்கம். இல்லம் தேடிக் கல்விக்காகத் தொடங்கிய மாலை வகுப்பை நான் இன்னும் விடவில்லை. திண்ணையில் பதினாலு பேர் உட்காருவார்கள், மீன் நிறைய பட்ட நாளில் எட்டுப் பேர்.

கதை தெரிந்ததுதான். கடல் பொங்கி நகரங்கள் முழுகிவிட்டன. மனிதர்கள் யோசிக்கிற வேலையை எல்லாம் ஓர் இயந்திரத்திடம் கொடுத்திருந்தார்கள், அதுவும் நின்றுபோயிற்று. பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பாதாள அறைக்குள் இறங்கி ஒரு பொத்தானை அமுக்குகிறான். இயந்திரம் விழிக்கிறது, வானம் தெளிகிறது, முற்றும். பிள்ளைகளுக்குப் பிடித்திருந்தது, இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள். முழுகிய தெருவில் நீந்துவது திமிங்கலமா, ஆவுளியா என்கிற கடல்பசுவா என்று படத்தை வைத்து ஒரு சண்டை. ஆவுளியா தலையில் தண்ணீர் பீய்ச்சாது என்று ஒருவன் தீர்ப்புச் சொன்னபிறகுதான் ஓய்ந்தது.

அப்புறம் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: "அக்கா, கடல் ஊருக்குள்ள வந்துட்டுன்னா கெணறெல்லாம் உப்பாயிருக்குமே. அந்தப் பையன் மறுநாள் என்னத்தக் குடிச்சான்?"

அவள் அம்மாவுக்குச் சொந்த ஊர் தனுஷ்கோடி. விடுமுறைக்கு அங்கே போனால் ஊற்றுத் தோண்டுவது அவள் வேலை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில், வெறும் மணலில், முழங்கை ஆழம், மிஞ்சினால் இடுப்பு ஆழம் கையால் பறித்தால் அடியில் தண்ணீர் கசியும். அத்தனையும் நல்ல தண்ணீர். மணலில் இறங்கிய மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரைவிட லேசானது என்பதால் அதன்மேல் மெல்லிசாக ஏடு மாதிரி மிதந்து நிற்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து சிரட்டையால் மெதுவாக அள்ளிக் குடத்தில் ஊற்ற வேண்டும். குழி கலங்கினால் கொஞ்சம் பொறுக்க வேண்டும். ஆசைப்பட்டு ஆழமாகத் தோண்டினாலோ மோட்டார் வைத்து உறிஞ்சினாலோ கீழே இருக்கிற உப்பு ஏறிவிடும். பிறகு அந்தக் குழியை மூடிவிட்டு வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். கடல் மட்டம் உயர உயர அந்த ஏடும் மெலியும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ஒரு குழியில் ஒரு நாவலே இருக்கிறது. உங்கள் கதையில் வருகிற பையன் இங்கே வந்திருந்தால் முதலில் பம்பைத்தான் ஓட்டியிருப்பான்.

உலகம் அழிந்த கதை எங்களுக்குப் புதிதில்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அதில் இருந்த 100-க்கும் மேற்பட்டவர்களில் யாரும் மிஞ்சவில்லை. ஊரும் போயிற்று, குடியிருக்க லாயக்கில்லாத இடம் என்று அரசாங்கம் அறிவித்தது. அந்தப் புயலைப் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் நான் எழுதவில்லை, அந்தக் காலத்துப் புயல் அது. எங்கள் தாத்தா அன்று தப்பியவர். ஆனால் அலை எவ்வளவு உயரம் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. விடிந்ததும் மணல்மேட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணியது, எந்தப் பலகையைப் பிடுங்கி எதற்கு வைத்தது, எங்கே தோண்டித் தண்ணீர் எடுத்தது, இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வார். போகக்கூடாது என்று சொல்லியும் மீனவர்கள் திரும்பிப் போய்க் குடிசை போட்டார்கள். பவளக்கல்லில் கட்டிய சர்ச்சின் சுவர் முன்னால் சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுப்பதை அவர்களுடைய பேரப்பிள்ளைகள் சங்கு விற்றுக்கொண்டே பார்க்கிறார்கள்.

பழசுதான் உசத்தி என்று சொல்ல வரவில்லை. இன்றைக்கு இருக்கிற முன்னெச்சரிக்கை அன்று இருந்திருந்தால் அந்த ரயில் பாம்பனைத் தாண்டியிருக்காது. என் தம்பி ஜிபிஎஸ் இல்லாமல் படகு எடுக்க மாட்டான், எடுத்தால் நானே விடமாட்டேன். அதே சமயம், வாடைக்காற்றையும் கச்சான்காற்றையும் உடம்பில் படும்போதே பிரித்துச் சொல்ல அப்பாவுக்குத் தெரியும், அவனுக்குப் பாதிதான் தெரியும். 2024 நவம்பரில் ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது எங்கள் வீட்டில் மூன்று போனும் சார்ஜ் இல்லாமல் கிடந்தன. அன்றைக்கு அப்பாவைத்தான் கேட்டோம். தொழில்நுட்பத்தைப் பற்றிக் கதை எழுத வேண்டுமா, இந்த அப்பனுக்கும் மகனுக்கும் நடுவில் எழுதலாம். இயந்திரத்தைப் பூதமாக்கவும் வேண்டாம், சாமியாக்கவும் வேண்டாம்.

கடல் தானாகப் பொங்கியது என்று எழுதுவதிலும் எனக்குச் சங்கடம் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு இன்று தண்ணீருக்கடியில் இருக்கின்றன, கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டி அதில் ஒன்று. அலையைத் தடுத்து நின்ற பாரை, அதாவது பவளப்பாறையை, வெட்டிச் சுண்ணாம்புக்குக் கொண்டுபோனது யார்? நம் ஆட்கள்தான். மிச்சமிருந்த பாருக்குக் கடலின் சூடு எமனாக வந்திருக்கிறது. கடல்பாசி எடுக்கப் போகிற என் அம்மா 2016 கோடையில் வீட்டுக்கு வந்து, விரலில் சுற்றிய துணியைக்கூட அவிழ்க்காமல், "பாரெல்லாம் வெள்ளையடிச்ச மாதிரி கெடக்குடி" என்றாள். அவள் கண்டது பவளம் வெளுத்துக் கிடந்ததை. பிள்ளைகள் கதையில் இதை எழுதக்கூடாதா? பயந்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். பொத்தான் கதையைக் கேட்டு யாரும் பயப்படவில்லை, ஆனால் நம்பவும் இல்லை.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. சரி, நீங்களே எழுதுங்கள் என்று நோட்டைக் கொடுத்துவிட்டேன். நான்கு நாளில் கதையின் அடுத்த பாகத்தை எழுதிவிட்டார்கள். அதில் பையன் தோண்டும் முதல் குழி கரிக்கிறது, பத்து எட்டுத் தள்ளி இரண்டாவது தோண்டுகிறான், அதுவும் கரிக்கிறது. மூன்றாவதற்கு ஒரு கிழவி வந்து இடம் காட்டுகிறாள், கூலியாக அவனுடைய இயந்திரத்தின் மூடியைக் கேட்கிறாள், தண்ணீர் அள்ளுவதற்கு.

நோட்டுப் பக்கங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். இடம் இருந்தால் உங்கள் சிறுவர் பக்கத்தில் போடுங்கள். எழுத்துப்பிழைகளை நான் திருத்தவில்லை. கடைசிப் பக்கத்தில் மீன்தண்ணீர் பட்டுவிட்டது, கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் படிக்க வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
மாலை வகுப்புத் தன்னார்வலர்,
பாம்பன், ராமநாதபுரம் மாவட்டம்.