தாலினில் நடந்தே பார்க்கலாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

பால்டிக் கடலில் கப்பல் சுற்றுலா செல்வோர் பலர், எஸ்டோனியாவின் தாலினில் பேருந்துச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டுகிறார்கள். தேவையே இல்லை. துறைமுகத்திலிருந்து பழைய நகரம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். பருத்த மார்கரெட் கோபுரத்தை ஒட்டிய கோட்டை வாசலில் நுழைந்து, பிக் தெருவிலேயே நேராக நடக்கலாம்.

முதலில் தூம்பேயா மேட்டுக்கு ஏறிவிடுவதே நல்லது. இரண்டு மூன்று கப்பல்கள் சேர்ந்து வந்துவிட்டால் அங்குள்ள காட்சி மேடைகளில் கால் வைக்க இடமிருக்காது. மூட்டுவலிக்காரர்கள் லூஹிகே யால்க் படிகளைத் தவிர்த்து, பிக் யால்க் சரிவில் ஏறட்டும். கல் பாவிய தெருக்கள் மழையில் வழுக்கும். ரப்பர் அடியுள்ள காலணியே சரி.

இறங்கியதும் நகர மன்றச் சதுக்கம். 1422-லேயே பதிவேட்டில் இடம்பெற்ற மருந்துக்கடையை அங்கே அவசியம் பாருங்கள்.

ஸ்வீடனின் ஸ்டாக்ஹோமில் மணி பத்து என்றால் தாலினில் பதினொன்று. கரையில் கைப்பேசி தானாக மாறிவிடும். கப்பலின் கடிகாரம் மாறாமலும் இருக்கலாம். இறங்கும்முன் கப்பல் நேரத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தியக் கடவுச்சீட்டுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். இடையில், ஷெங்கனில் சேராத பிரிட்டனின் துறைமுகம் ஏதேனும் வருமானால், ஷெங்கன் விசாவைப் பலமுறை நுழையும் விசாவாக வாங்குங்கள்.

இப்படிக்கு,
வாசகர்