அங்கன்வாடிக் கதைப் புத்தகங்கள் பீரோவை விட்டு வெளியே வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் பிறந்தால் எல்.கே.ஜி. சேர்க்கை, கட்டணம், இலவச இடங்கள் என்று நாளிதழ்களில் செய்திகள் நிறைய வருகின்றன. அதே வயதுக் குழந்தைகள் தமிழகத்தின் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்களில் என்ன கற்கிறார்கள் என்பது பற்றி அநேகமாக எதுவும் வருவதில்லை. வந்தாலும் முட்டை, சத்துமாவு, ஒழுகும் கட்டடம் ஆகியவற்றைப் பற்றித்தான் வருகிறது. முதல் வகுப்பைப் பல ஆண்டுகள் நடத்தி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அந்த மையங்களில் வாசிப்புக்கு இடப்பட வேண்டிய அடித்தளம் பற்றிச் சில கருத்துகளைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் பிழையின்றிப் படிக்கவும் எழுதவும் வேண்டும் என்ற நோக்கத்தோடு 2022-இல் தமிழக அரசு தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வரவேற்கத்தக்கது. ஆனால் அது முதல் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளைக் குழந்தை எங்கே, எப்படிக் கழித்தது என்பதைப் பொறுத்தே முதல் வகுப்பு ஆசிரியரின் வேலை எளிதாகவோ கடினமாகவோ அமைகிறது. மூன்று முதல் ஆறு வயது வரையிலான குழந்தைகளுக்கு இலவச முன்பருவக் கல்வி கிடைக்க அரசு ஏற்பாடு செய்யலாம் என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவும் கூறுகிறது. அந்த ஏற்பாடு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது; 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட, அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின் சேவைகளில் முன்பருவக் கல்வியும் ஒன்று.

பெற்றோர் பலருக்கு முன்பருவக் கல்வி என்றால் எழுத வைப்பதுதான். பக்கத்துத் தெரு நர்சரிப் பள்ளியில் மூன்றரை வயதுக் குழந்தை நான்கு கோடு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதுகிறது, பால்வாடிக்குப் போகும் நம் குழந்தை பாட்டுப் பாடிக்கொண்டு வருகிறதே என்று கவலைப்படுகிறார்கள். அந்தக் கவலைக்குப் பயந்து அங்கன்வாடி டீச்சர்களும் சிலேட்டில் ‘அ’ எழுதிப் போட்டு, அதன் மேலேயே திரும்பத் திரும்ப எழுதச் சொல்கிறார்கள். பலப்பத்தை முழுக் கையால் இறுக்கிப் பிடிக்கும் வயதில் இதனால் கை வலிப்பதுதான் மிச்சம்.

முதல் வகுப்புக்கு வரும் குழந்தைகளிடம் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். ‘அ’ முதல் ‘ஃ’ வரை ஒரே மூச்சில் ஒப்பிக்கும் குழந்தையிடம், அட்டையின் நடுவில் உள்ள ‘ஏ’ எழுத்தைத் தொட்டு இது என்ன என்று கேட்டால், விரலை முதல் கட்டத்துக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, விரல் ‘ஏ’யைத் தொடும்போதுதான் விடை சொல்லும். அதற்குத் தெரிந்தது வரிசைதானே தவிர எழுத்தன்று. ஒப்பிக்கவே தெரியாமல் வந்த வேறு சில குழந்தைகள், கதைப் புத்தகத்தை நேராகப் பிடித்து, முன்னட்டையிலிருந்து புரட்டி, படத்தைப் பார்த்துத் தாமாகவே ஒரு கதையைச் சொல்வார்கள். நாம் பாதியில் நிறுத்தினால் ‘அப்புறம்?’ என்று கேட்பார்கள். இரண்டாம் வகைக் குழந்தைகளே பெரும்பாலும் முந்திக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார்கள்.

இதில் வியப்பில்லை. எழுத்து என்பது பேச்சின் ஒலிகளைக் குறிக்கும் அடையாளம் என்பதால், ஒலியைப் பிரித்துக் கேட்கப் பழகாத காதுக்கு அந்த அடையாளத்தால் பயனில்லை. ‘தவளை’ என்று சொல்லி மூன்று முறை கைதட்டுவதும், ‘பட்டம்’ என்ற சொல்லில் ‘ப’வுக்குப் பதில் ‘க’ போட்டால் என்ன வரும், ‘வ’ போட்டால் என்ன வரும் என்று கேட்பதும் நான்கு வயதுக் குழந்தைக்கு விளையாட்டு. கட்டம், வட்டம், சட்டம் என்று போய், பொருளே இல்லாத ‘ஞட்டம்’ வரை வந்து வகுப்பே சிரிக்கும். எதுகையும் மோனையும் இவ்வளவு மலிந்த மொழியில், தாலாட்டும் விடுகதையும் இன்னும் பாட்டிகளின் வாயில் இருக்கும் ஊரில், இந்தப் பயிற்சிக்கு விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை.

எழுத்துகளை மூன்று வயதில் தொடங்கினால் சீக்கிரம் முடித்துவிடலாம் என்ற எண்ணமும் நம் எழுத்துமுறைக்குப் பொருந்தாது. 247 எழுத்துகளில் 216 உயிர்மெய்கள். ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் பின்னால் ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் நிற்கிறது, ‘கொ’வில் இருபுறமும் நிற்கிறது, உகரக் குறியோ ‘கு’, ‘சு’, ‘மு’ என்று எழுத்துக்கு எழுத்து வடிவம் மாறுகிறது. போதாததற்கு ‘கடல்’, ‘தங்கம்’, ‘அகம்’ மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. இதே அமைப்புள்ள கன்னடத்தில், குழந்தைகளின் வாசிப்பை ஆராயும் உளவியலாளர் சோனாலி நாக் செய்த ஆய்வுகள், எழுத்துத் தொகுதி முழுவதும் குழந்தைக்கு வசப்படத் தொடக்கப் பள்ளியின் பல ஆண்டுகள் ஆகின்றன என்று காட்டின. எழுத்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. தன் தட்டிலும் டம்ளரிலும் எழுதியிருக்கும் தன் பெயரை அடையாளம் காணும் குழந்தை, அதன் முதல் எழுத்தை எவரும் சொல்லாமலே கற்றுக்கொள்ளும்.

அங்கன்வாடியில் நாள்தோறும் தவறாமல் நடக்க வேண்டியது, பெரியவர் ஒருவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டு வாசிப்பதே. வாயால் கதை சொல்வது நல்லதுதான். ஆனால் நாம் சொல்லும் சொற்கள் அந்தக் கறுப்புக் கோடுகளிலிருந்து வருகின்றன என்பது புத்தகத்தைப் பார்த்தால்தான் குழந்தைக்கு விளங்கும். எப்படி வாசிக்கிறோம் என்பதும் முக்கியம். அமெரிக்காவில் உளவியலாளர் கிரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் குழுவினர் 1988-இல் வெளியிட்ட ஆய்வில், பெற்றோர் வெறுமனே வாசித்துக்கொண்டு போகாமல், கேள்வி கேட்டு, குழந்தை சொன்ன பதிலை நீட்டிப் பேசி வாசித்தபோது, ஒரே மாதத்தில் குழந்தைகளின் பேச்சுத்திறன் மேம்பட்டது தெரியவந்தது. பக்கத்தைத் திருப்புவதற்கு முன் ‘இந்த ஆடு இப்போது எங்கே போகும்?’ என்று கேட்டுச் சற்றுக் காத்திருப்பதுதான் அதன் சாரம். இருபத்தைந்து குழந்தைகளை ஒன்றாக உட்கார வைத்தால் பின்வரிசைக்குப் படம் தெரியாது. ஆறேழு பேராகப் பிரித்து, மற்றவர்களை ஆயாவின் பொறுப்பில் விளையாட விடுவதே நடைமுறைக்கு ஒத்துவரும்.

இது ஏன் நடப்பதில்லை? எனக்குத் தெரிந்த ஒரு மையத்தில் நல்ல படக்கதைப் புத்தகங்கள் கட்டுக் குலையாமல் பீரோவில் இருந்தன. காரணம் கேட்டேன், ‘கிழிந்துவிட்டால் ஆடிட்டில் யார் பதில் சொல்வது, டீச்சர்?’ என்றார் அந்தப் பணியாளர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எடை பார்த்து, உயரம் அளந்து, கைப்பேசிச் செயலியில் பதிவேற்றி, கர்ப்பிணிகளின் வீட்டுக்குப் போய், தடுப்பூசி நாளுக்குத் தாய்மார்களைத் திரட்டி, போதாக்குறைக்குப் பணியிடம் காலியாக உள்ள அடுத்த மையத்தையும் கூடுதல் பொறுப்பாகப் பார்க்கும் ஒருவரிடம், இருப்புப் பதிவேட்டின் பயத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். குழந்தைகள் கை படும் புத்தகம் ஓராண்டில் கிழியத்தான் செய்யும். சத்துமாவைப் போல அதையும் தீர்ந்துபோகும் பொருளாகக் கணக்கில் கொள்ள ஓர் அரசாணை போதும்.

புத்தகத்துக்குப் பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு நூலக வரியை நினைவூட்டுகிறேன். 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி, சொத்து வரியுடன் ரூபாய்க்கு 10 காசு வீதம் நாம் எல்லோரும் அதைச் செலுத்துகிறோம். கிளை நூலகமும் ஊர்ப்புற நூலகமும் தம் எல்லைக்குள் உள்ள ஒவ்வோர் அங்கன்வாடிக்கும் இருபது படக்கதைப் புத்தகங்கள் கொண்ட ஒரு பெட்டியை அனுப்பி, மாதம் ஒருமுறை மையங்களுக்கிடையே மாற்றிக் கொடுத்தால், ஒரே கதையைக் கேட்டு அலுக்கும் நிலையும் வராது. பள்ளிக் கல்வித் துறை 2023-இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் தொடக்க நிலை வாசகர்களுக்கான ‘நுழை’, ‘நட’ வரிசைப் புத்தகங்களில் இந்த வயதுக்கு ஏற்றவை எவை என்று பார்த்து அவற்றையும் சேர்க்கலாம். திருப்பூர் போன்ற ஊர்களில் இந்தியோ ஒடியாவோ பேசும் தொழிலாளர் வீட்டுக் குழந்தைகளும் வருவதால், அந்த மொழிகளிலும் சில புத்தகங்கள் பெட்டியில் இருக்க வேண்டும். வாசித்துக் காட்ட அவர்களுடைய தாய்மார்களையே அழைக்கலாம்.

2019-இல் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்ட 2,381 மையங்கள் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களிலேயே உள்ளன. முதல் கட்டமாக இதை அங்கே தொடங்குவது எளிது. பக்கத்து வகுப்பறையில் உள்ள ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் முறைவைத்து வந்து சிறுவர்களுக்கு வாசித்துக் காட்டினால் இரு தரப்புக்கும் பயிற்சியாகும். மேற்பார்வையாளர்கள் ஆய்வுக்குச் செல்லும்போது, குழந்தைகளின் எடையைக் கேட்பதோடு, இந்த மாதம் எந்தெந்தக் கதைகளை வாசித்தீர்கள் என்ற ஒரு கேள்வியையும் படிவத்தில் சேர்க்குமாறு சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இடைநிலை ஆசிரியை,
திருவண்ணாமலை மாவட்டம்.