ரெண்டு கம்பியும் ஒரே நேரத்தில் சாய்ந்தன

தக்கலை

மக்கா,

ஆறு மாதமாக நான் உன்னைக் கூப்பிடவில்லை. உங்க அப்பாவின் பைக்கை, "அத ஆக்கர்காரனுக்குக் குடுத்துருலே" என்று, பழைய இரும்புக்குப் போடச் சொன்னாயே, அன்று வைத்த போன்தான். கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை. அம்மைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மைனி உனக்கென்று நேந்திரங்காய் வற்றல் எடுத்து வைத்திருக்கிறாள்.

சரி, விஷயம் இதுதான். அந்த ராஜ்தூத் 350 பைக் இப்போது ரெண்டு காலாலும் ஓடுகிறது.

இத்தனை நாளும் இடது சிலிண்டர்தான் வலதையும் சேர்த்து இழுத்துக்கொண்டிருந்தது. வலது பிளக்கைக் கழற்றினால் எண்ணெயில் குளித்து வரும். போன இடத்திலெல்லாம், நிற்கும்போது இன்ஜின் அணையாமல் வைக்கிற ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகியே விட்டுவிட்டார்கள். நின்றால் அழகாக நிற்கும், திராட்டிலைத் தொட்டால் உதறும். கோளாறு கேபிளில் மக்கா! கைப்பிடியிலிருந்து வரும் கேபிள் வழியில் பிரிந்துதானே ரெண்டு கார்புரேட்டருக்கும் போகிறது? ஒரு பக்கம் கொஞ்சம் தொய்ந்தாலும் அந்தப் பக்கத்து ஸ்லைடு, அதாவது கார்புரேட்டருக்குள் மேலே ஏறிக் காற்றுக்கு வழிவிடும் அடைப்பு, பிந்தித்தான் எழும்பும். 347 சிசியில் பாதி தூங்கிவிடும்.

சைக்கிள் கடையில் ஒரே கட்டிலிருந்து ரெண்டு புது ஸ்போக் கம்பி வாங்கினேன். ரெண்டும் ஒரே கனம், அதுதான் முக்கியம். வெளி நுனியைக் குறடால் மோதிரம் மாதிரி வளைத்தேன். உள்ளே நழுவவும் விடாது, கனத்தில் கீழே சாயவும் செய்யும். உள் நுனியை அரத்தால் மழுக்கினேன். இன்ஜினை அணைத்து, பில்டரைக் கழற்றி, ஐட்லிங் ஸ்க்ரூ ரெண்டையும் நன்றாகப் பின்னால் எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஸ்லைடுக்கு அடியிலும் ஒரு கம்பியைச் செருகினேன். ஸ்லைடு கடித்துப் பிடித்துக்கொண்டது. வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது.

கைப்பிடியைப் பைய திருப்பினேன். இடது கம்பி பொத்தென்று சாய்ந்தது. வலது அசையவே இல்லை. எத்தனை பேர் காதை வைத்துக் கேட்டும் பிடிபடாதது கண்ணுக்கு முன்னால் தெரிந்தது! வலது கேபிள் அட்ஜஸ்டரைக் கால் சுற்று, கால் சுற்றாக வெளியே எடுத்தேன். வெளியே மழை. மைனி ரெண்டு தடவை சாப்பிடக் கூப்பிட்டாள். கடைசியில் ரெண்டு மோதிரமும் ஒரே "டிக்"கில் விழுந்தன.

கம்பிகளை எண்ணி வெளியே எடுத்த பிறகுதான் ஸ்டார்ட் செய்தேன். அப்புறம் கொத்தனாரின் மட்டக்குழாயில் ஒரு துண்டு வெட்டி, ஒரு நுனியைக் காதில் வைத்து, மறுநுனியை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் ஒரே தூரத்தில் பிடித்தேன். சீறல் ரெண்டிலும் ஒன்றுபோல வரும்வரை ஐட்லிங் ஸ்க்ரூவைத் திருகினேன்.

ஞாயிற்றுக்கிழமை குலசேகரம் வழியாகப் பேச்சிப்பாறை போய்வந்தேன். ரப்பர் தோட்டத்து ஏற்றத்தில் அந்தப் பழைய சத்தம் வந்தது மக்கா. உங்க அப்பா வருகிறார் என்று நாம் கேரம்போர்டை ஒளித்து வைப்போமே, அதே சத்தம்.

பெட்ரோல் குடிக்கிறது என்பாய். குடிக்கட்டும், நான் ஊற்றுகிறேன். கம்பி ரெண்டும் சீட்டுக்கு அடியில் துணியில் சுற்றி இருக்கின்றன. நீ வரும்வரை ஆர்.சி. புத்தகத்தில் யாருக்கும் கையெழுத்துப் போட்டுவிடாதே.

உன்
மக்கா