நான் சொன்ன சொல் பிழை, அம்மா

அம்மா,

நாளைக்கு உங்கள் ஆட்டைத் திவசம். சமையலுக்கு ஆள் சொல்லியாயிற்று. நான் எழுத வந்தது அந்தக் கிளினிக்கைப் பற்றி.

என்ன செய்யுது என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார். என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "பதகளிப்பாக் கிடக்கு எண்டு சொல்லு" என்றீர்கள். நான் "பய" என்றேன். அவரும் எழுதிக்கொண்டார். காலி வீதிக்கு வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் வாய் திறந்தீர்கள். "நான் பயம் எண்டு சொல்லேல்லையே, பிள்ளை."

பின்னால் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். அந்தச் சொல்லுக்கு என்னிடம் சிங்களம் இருக்கவில்லை. நாலு பேர் முன்னால் தமிழில் விளக்கம் கேட்கவும் கூசினேன். மன்னியுங்கோ.

பயத்துக்கு ஒரு முகம் உண்டு. அணங்கு, விலங்கு, கள்வர், இறை (அரசன்) என்று அச்சம் பிறக்கும் இடம் நான்கைத் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் சொல்கிறது. நாலாவதை நான் இங்கே விரிக்கப் போவதில்லை. அதே மெய்ப்பாட்டியல் வெரூஉதல் என்ற திடுக்கிடலையும் நடுக்கையும் தனியாக எண்ணுவதை, நீங்கள் படிப்பித்த காலத்துக் கொப்பியில் பார்த்தேன். பதகளிப்புக்கு ஆள் வர வேண்டாம், கீழே கேற் கிறீச்சிட்டால் போதும். உலை கொதித்து வழிய வழிய ஜன்னலடியில் நிற்பீர்கள். பூட்டின கதவை நாலாம் தரமும் இழுத்துப் பார்ப்பீர்கள்.

2007 ஜூன் 7 அன்று கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழரைப் பொலிஸ் பஸ்ஸில் ஏற்றி ஊருக்கு அனுப்பியதும், மறுநாள் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்ததும் ஊரறிந்த கதை. எங்கள் வீட்டில் அந்த இரவு எப்படிப் போனது என்று எழுத மாட்டேன், சித்தி இதை வாசிப்பா. ஆனால் 2009இல் சண்டை முடிந்த பிறகும் ஆறு மணிக்கு மேல் என்னை ஏன் வெளியே விடவில்லை? சிநேகிதிகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை அம்மா.

கதவுக்குப் பின்னால் தொங்கிய சொப்பிங் பையை இன்றைக்குத்தான் கழற்றினேன். அடையாள அட்டைக் கொப்பிகள், பொலிஸ் பதிவுத் துண்டு, எனக்கொரு சட்டை, மாரி பிஸ்கற். துண்டு மடிப்பில் கிழிந்திருந்தது. சட்டை இப்போது எனக்குக் கைகூட நுழையாது. பிஸ்கற் மட்டும் நீங்கள் கண்மூடிய மாதத்தில் வாங்கியது.

இப்போது கேற் சத்தத்துக்கு நானும் எழும்புகிறேன். புதன்கிழமைக்கு ஒரு டொக்டரைச் சனல் பண்ணியிருக்கிறேன். அவருக்குத் தமிழ் தெரியுமா என்று கேட்டுத்தான் நம்பர் எடுத்தேன்.